பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதே பாஸ்!
கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை கிடைச்சாச்சா? கங்கிராட்ஸ் பாஸ்! திருவள்ளூர் பக்கமோ, கவரைப்பேட்டையிலோ வாடகை வீடு பார்க்கிறீங்களா? புது பெயின்ட் சமயத்துல வெறும் மேக்கப்தான். கட்டடம் பரிசோதிக்கிற இன்ஜினீயர்கள் மாதிரி ஜன்னல் மூலையைப் பாருங்க. முடி கனத்துல வெடிப்புன்னா பெரும்பாலும் பூச்சுதான். சாய்வா ஓடுற விரிசலுக்குள்ள ஒரு ரூபாய் காசு நுழைஞ்சா, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். வேற வீடு பாருங்க!

பலவீனமான கட்டுமானம் என்ன செய்யும்? 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்துல, கட்டிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க.

சீலிங்ல துருக்கறையா? உள்ளே கம்பி துருப்பிடிச்சு ஊதிட்டிருக்கு. காரை பெயர்ந்து தலையில விழலாம். கடைசியா, மெயின் போர்டு. ஷாக்ல இருந்து காப்பாத்துற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா? 'டெஸ்ட்' பட்டனை அமுக்குங்க. கரன்ட் கட் ஆகலையா? மாத்தித் தந்தப்புறம்தான் அட்வான்ஸ்னு ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிடுங்க.