நாய்க்குட்டியும் கோழிக்குஞ்சுகளும் ஒரே முற்றத்தில்

கமக்காரர் இல்லத்துக்குக் காவலுக்கு நாயும் முட்டைக்குக் கோழியும் வேண்டும். ஆயின், பேடு 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைப் புதிதாய் வந்த நாய்க்குட்டி சில நிமிடங்களில் மாய்த்துவிடுதலும் உண்டு. இது கொடுமையால் அன்று. ஓடுவதைத் துரத்தும் இயல்பால் நிகழ்வது. ஆதலால் அடித்தலாற் பயனில்லை, பழக்குதலே வழி.

பால்குடி மறந்த, எட்டு வாரம் நிறைந்த குட்டியையே கொண்டுவருக. பூச்சி மருந்துக்கும் விசர்நோய்த் தடுப்பூசிக்கும் கால்நடை வைத்தியரை நாடுக.

தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 பாகையளவு குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கடியில் ஒடுங்கினாற் குளிரென்றும், விலகி நின்று மூச்சிரைத்தால் வெப்பம் மிகுந்ததென்றும் அறிக. கூட்டில் உமி பரப்பி, குட்டியின் வாய் நுழையாத நெருங்கிய கம்பிவலையால் அடைத்தல் வேண்டும்.

குட்டிக்கு உணவளித்தபின், கயிற்றிற் கட்டி, நாள்தோறும் சிறிது நேரம் கூட்டருகே இருத்துக. அமைதியாயிருப்பின் தடவிக் கொடுக்குக. பாய முயலின் அப்பாற் கொண்டுசெல்க. இறந்த குஞ்சை அதற்கு உணவாக இடுதல் கூடாது, ஆழப் புதைத்துவிடுக. நன்கு பழகும்வரை இரண்டையும் தனியே விடலாகாது.

இவ்வாறு பழகிய குட்டியே பின்னர் கீரி வரும்போது குரைத்து உம்மை அழைக்கும்.