கப்பலுக்கும் மழை வேண்டும்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். எங்கள் ஊர்த் தொழில் வெயிலை நம்பியது. மழை பெய்தால் மருந்து காயாது, ஆலைகளில் வேலை நின்றுவிடும். சாத்தூர் வைப்பாறோ வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. ஆறு வற்றிக் கப்பல் நிற்பது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று இங்கே பலர் நினைக்கிறார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. பழைய காகிதமும் காகிதக்கூழும் வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடியில் இறங்குகின்றன. அது கடற்கரைத் துறைமுகம், ஆற்றுநீரை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் எங்கோ ஓர் ஆறு வற்றிக் கப்பல் வாடகை ஏறினால், அது சுற்றி வந்து என் அட்டை பில்லிலும் ஏறும்.

எங்கள் தொழிலின் வேரே ஓர் ஆற்றுத் துறைமுகத்தில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும், பட்டாசுக்கும் லேபிளுக்கும் முன்னோடியான தீப்பெட்டியைச் செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். அது கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேலிருந்து வரும் வெள்ளம் வண்டலை அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் வரத்து குறைந்ததும் கடல் ஓதம் மண்ணை உள்ளே தள்ளும். ஓதம் வடியும்போது அதைத் திரும்ப இழுத்துப்போக ஆற்றுக்கு வேகம் இருக்காது. ஆறு மேடேறும்.

தண்ணீருக்குள் கப்பல் எவ்வளவு இறங்குகிறதோ அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். சரக்கு ஏற ஏற அது கூடும். ஆழம் போதாவிட்டால் உயர் ஓதத்துக்குக் காத்திருக்க வேண்டும், இல்லை லோடைக் குறைக்க வேண்டும். லோடு பாதியானால் எண்ணெய்ச் செலவும் ஆள் சம்பளமும் பாதியாகிவிடாது. ஒவ்வொரு டன்னுக்கும் வாடகை ஏறுவது இப்படித்தான். 2018 அக்டோபரில் ஜெர்மனியின் கௌப் என்ற ஊரில் ரைன் ஆற்றின் அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. படகுகள் அரைகுறைச் சரக்கோடு ஓடின. கரையிலிருந்த பி.ஏ.எஸ்.எஃப் இரசாயன ஆலை உற்பத்தியையே குறைத்தது.

பனாமா கால்வாயின் கதை இன்னும் கடுமை. ஒரு கப்பல் கடந்து போக, கட்டூன் ஏரியிலிருந்து ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2023இல் எல் நினோவால் மழை பொய்த்தது. நாளுக்கு 36 கப்பல் வரை போன இடத்தில் டிசம்பரில் 22தான் விட்டார்கள். அனுமதித்த 50 அடி டிராஃப்ட் 44 அடியானது. வரிசையில் முந்த, நவம்பரில் ஒரு நிறுவனம் ஏலத்தில் 40 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தது. பனாமா நகரத்துக்கான குடிநீரில் ஒரு பகுதியும் அந்த ஏரியிலிருந்துதான் போகிறது. குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்ற ஜில்லாக்காரன் நான். இதைப் படித்தபோது கப்பல் கணக்கை விட அந்தக் குழாய்த் தண்ணீர்தான் என் மனதில் நின்றது.

கல்கத்தாவுக்குத் திரும்பினால், ஹூக்ளியின் வண்டலைக் கழுவத்தான் கங்கைக்குக் குறுக்கே ஃபராக்கா அணை கட்டினார்கள். 1975 முதல் நொடிக்கு 40,000 கன அடி வரை ஹூக்ளிக்குத் திருப்புவது திட்டம். அணைக்குக் கீழே அதே கங்கை பத்மாவாக வங்கதேசத்துக்குள் போகிறது. ஜனவரி முதல் மே வரையிலான நீரைப் பங்கிட 1996இல் போட்ட 30 வருஷ ஒப்பந்தப்படி, வரத்து 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் சரிபாதி. அதன் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. புதுக் கணக்கு எழுதும்போது இரண்டு நாட்டுக் கரைகளிலும் குடிநீரையும் வயலையும் முதல் வரியில் எழுதட்டும். கப்பலுக்கு அடுத்த வரி போதும். அதனால் அட்டை விலை ஏறினால் நான் கொடுக்கிறேன்.