தடிமன் காய்ச்சலும் உங்கள் ஈரலும்

தடிமன், இருமலுடன் வரும் வைரஸ் காய்ச்சல் மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றை மட்டுமே தாக்கும் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் இன்புளுவென்சா, கொவிட்-19 போன்ற நோய்களின்போது ஈரலும் பாதிக்கப்படலாம்.

இது எப்படி ஏற்படுகின்றது?

வைரஸை எதிர்ப்பதற்காக உடல் உருவாக்கும் கலங்களும் இரசாயனங்களும் இரத்தத்துடன் ஈரலையும் சென்றடைகின்றன. இதனால் ஈரற் கலங்கள் சில பாதிப்படைந்து, அவற்றிலுள்ள நொதியங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலானோருக்கு இது இரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியவரும். காய்ச்சல் மாறியபின் ஈரல் தானாகவே தேறிவிடும். ஏற்கனவே ஈரல் நோய் உள்ளவர்களும் தொடர்ந்து மது அருந்துபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்து எடுக்கும்போது கவனியுங்கள்

சிலவேளைகளில் வைரஸைவிட, காய்ச்சலுக்கு நாம் எடுக்கும் மருந்தே ஈரலுக்குக் கூடிய தீங்கு செய்கின்றது.

• வளர்ந்தவர்கள் பரசிற்றமோல் (பனடோல்) 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு 1 அல்லது 2 வீதம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. உடல் மெலிந்தவர்கள் வைத்தியரிடம் அளவைக் கேட்டறியுங்கள்.
• கடைகளில் வாங்கும் தடிமன் மருந்துகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு. இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள்.
• பிள்ளைகளுக்கு அவர்களின் நிறைக்கேற்ற அளவையே கொடுங்கள்.
• 16 வயதுக்குட்பட்டோருக்கு வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். வைரஸ் காய்ச்சலின்போது அது ஈரலையும் மூளையையும் தாக்கும் ‘ரேயின் நோய்’ ஏற்பட வழிவகுக்கலாம். இது அரிதானது, ஆனால் உயிராபத்தானது.

பரசிற்றமோல் அளவுக்கு மேல் எடுத்துவிட்டால், நோயாளி நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். முதல் நாளில் அறிகுறிகள் தெரியாமல் இருக்கலாம். மாற்று மருந்து 8 மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட்டால் நன்கு பயனளிக்கும்.

எப்போது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்?

• கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் கடும் நிறமாதல்
• தொடர்ச்சியான சத்தி
• வலது விலாவின் கீழ் நோ
• அளவுக்கு மீறிய தூக்கம், தடுமாற்றமான பேச்சு

இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் கீழ்க்காய்நெல்லி போன்ற வீட்டு மருந்துகளோடு நாட்களைக் கடத்தாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது ஈரலையும் பாதிக்கக்கூடிய டெங்குவாகவும் இருக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். எடுத்த மருந்துகளின் உறைகளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.