புதினாவும் புறா எச்சமும்

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் தோல் கடைக்காரர் வாசலிலேயே ஒரு கொத்துப் புதினாவைக் கையில் திணிப்பார். உபசாரம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மூன்று மாடி ஏறிப் பின்பக்க மாடத்துக்கு வந்ததும் அது தானாக மூக்குக்குப் போய்விடும். கீழே ஷுவாரா தோல் பதனிடும் கூடம். தேனடை போல நெருங்கிய கல் தொட்டிகள், அவற்றுக்குள் இடுப்பளவு நீரில் நிற்கும் ஆட்கள், அம்மோனியா நெடி.

ஃபெஸ் 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ஊர். 1981 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பழைய நகரின் சந்துகளில் கார் நுழையாது. "பாலக்! பாலக்!" என்று கத்தல் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தோல் மூட்டை சுமந்த கோவேறு கழுதை வருகிறது என்று பொருள்.

அந்த மூட்டை முதலில் போவது வெள்ளைத் தொட்டிக்கு. அதில் இருப்பது சுண்ணாம்பு நீர். முடியின் வேரில் உள்ள கெரட்டின் என்ற புரதம் இன்னும் இறுகாத இளம்பருவத்தில் இருக்கும். சுண்ணாம்பின் காரம் அதைத்தான் கரைக்கிறது. இரண்டு மூன்று நாளில் வேர் நெகிழ்ந்துவிடும். பிறகு கத்தியால் வழித்தால் முடி கற்றை கற்றையாக வரும்.

ஆனால் தோல் இப்போது விறைத்து உப்பியிருக்கும். அடுத்த தொட்டியில்தான் அந்த நெடியின் மூலவர்: புறா எச்சம். புறா வளர்ப்பவர்களிடம் காசு கொடுத்து வாங்கி, நீரில் கரைத்து, அதில் தோலைப் போட்டு வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிக்கிறார்கள். எச்சத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் நொதிகளைச் சுரக்கின்றன. நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். தோலின் உடல் கொலாஜன் இழைகளால் ஆனது. இந்த நொதிகள் அந்த இழைகளைப் பெரிதும் விட்டுவிட்டு, இடையில் அடைத்துக்கொண்டிருக்கும் வேண்டாத புரதங்களைத் தின்கின்றன. தோல் துணி போலக் குழைகிறது. ஐரோப்பாவில் இதற்கு நாய் மலம்கூடப் பயன்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர், விலங்குக் கணையத்தின் நொதியே அதே வேலையைச் செய்யும் என்று கண்டு அதை விற்கத் தொடங்கினார். ஃபெஸ் ஆட்கள் பெயர் தெரியாமலே அந்த நொதியியலைக் காலால் செய்து வந்திருக்கிறார்கள்.

கொலாஜன் மூலக்கூறு ஒரு முப்புரிக் கயிறு. அதை விரல் தடிமனுக்குப் பெரிதாக்கினால் நீளம் 3 மீட்டர் வரும். ஈரத்தோடு சூடு பட்டால் இந்தப் புரி அவிழ்ந்துவிடும். ஆட்டுக்கால் சூப்பு உதட்டில் பிசுபிசுவென ஒட்டுவது இப்படி அவிழ்ந்த கொலாஜன்தான். செருப்பு சூப்பாகாமல் இருக்க வேண்டுமே! அதற்குத்தான் டானின், அதாவது துவர்ப்பி. மாதுளைத் தோலைக் கடித்தால் நாக்கு சுருக்கென்று இழுக்கிறதல்லவா? துவர்ப்பி நம் எச்சிலின் புரதங்களைப் பிடித்துக் கட்டுவதால் வரும் உணர்வு அது. தொட்டியில் அதே துவர்ப்பி கொலாஜன் கயிறுகளைப் பக்கத்துக் கயிற்றோடு கட்டிப்போடுகிறது. கட்டிய பிறகு அழுகலும் இல்லை, எளிதில் அவிழ்வதும் இல்லை. நம்மூரில் ஆவாரம்பட்டை செய்ததும் இதே வேலைதான்.

பயணிகள் படமெடுக்கும் வண்ணத் தொட்டிகள் கடைசிக் கட்டம். அவுரி நீலம், மருதாணிச் செம்மஞ்சள், மாதுளைத் தோல் தரும் மஞ்சள் என்று மரபுப் பட்டியல் நீளும். இப்போது செயற்கைச் சாயமும் புழங்குகிறது. கடைக்காரர் "எல்லாம் இயற்கை" என்று சத்தியம் செய்தால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வண்ணத் தொட்டியை அல்ல, யாரும் படமெடுக்காத அந்த வெள்ளைத் தொட்டிகளை.

கூர்மூக்கு மஞ்சள் செருப்பு ஒன்று வாங்குவதென்றால், புதினாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.