போர்முனையில் சிக்னல்

ரஷ்யப் படைகள் உக்ரைன் எல்லையைத் தாண்டுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே முதல் தாக்குதல் நடந்துவிட்டது. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அதிகாலையில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையத்தில் இயங்கிய பல்லாயிரம் மோடம்கள் அடுத்தடுத்து முடங்கின. சரியாகப் பூட்டப்படாத ஒரு விபிஎன் வழியாக உள்ளே நுழைந்தவர்கள், மோடம்களின் நினைவகத்தை அழிக்கும் கட்டளையை அனுப்பியிருந்தார்கள். உக்ரைன் ராணுவமும் அந்த இணைப்பைப் பயன்படுத்தி வந்தது. அடி அங்கேயே நிற்கவில்லை. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அறுந்துபோனது. அதே ஆண்டு மே மாதம், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் ரஷ்யாவைப் பொறுப்பாளியாக அறிவித்தன.

தகவல் தொடர்பை முதலில் வெட்டுவது பழைய போர்த்தந்திரம். உக்ரைனில் புதிதாக இருந்தது, வெட்டப்பட்டது மீண்டும் ஒட்டிய வேகம். பிப்ரவரி 26 அன்று உக்ரைனின் டிஜிட்டல் அமைச்சர் மிகைலோ ஃபெடோரோவ், ஸ்டார்லிங்க் இணைப்பு தரும்படி ட்விட்டரில் எலான் மஸ்க்கிடம் பகிரங்கமாகக் கேட்டார். சில மணி நேரத்தில் சேவை திறக்கப்பட்டது. இரண்டு நாளில் முதல் லாரி நிறைய ஆன்டெனாக்கள் வந்து இறங்கின.

பழைய வகைத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. செய்தி போய் வரவே அரை விநாடிக்கு மேலாகும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில், ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. அதனால் ட்ரோன் எடுக்கும் வீடியோவைத் தாமதமின்றி எங்கோ இருக்கும் தளபதியின் திரையில் ஓடவிட முடிகிறது.

அந்தத் திரையில் இருப்பதுதான் 'டெல்டா'. 2014-க்குப் பிறகு உருவான 'ஏரோரோஸ்வித்கா' என்ற தன்னார்வக் குழுவின் முயற்சியில் முளைத்த மென்பொருள் அது. போர்க்களத்தின் உயிருள்ள வரைபடம் என்று அதைச் சொல்லலாம். மரவரிசை ஓரம் ஒளிந்திருக்கும் எதிரி வண்டியை ஒரு ட்ரோன் பார்க்கிறது. இயக்குபவர் வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் குறிக்கிறார். அனுமதி பெற்ற எல்லோருடைய டேப்லெட்டிலும் அந்தக் குறி தோன்றுகிறது. முன்பெல்லாம் இதே செய்தி வயர்லெஸ்ஸில் குரலாகப் படைப்பிரிவின் தலைமைக்கு ஏறி, அங்கே காகித வரைபடத்தில் பென்சிலால் பதிவாகி, பிறகு பீரங்கிக்காரர்களிடம் இறங்கி வரும். அதற்குள் வண்டி இடம் மாறியிருக்கும். இன்னொரு தன்னார்வக் குழு செய்த 'க்ரொப்பிவா' என்ற ஆண்ட்ராய்டு செயலி, பீரங்கியை எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்ற கணக்கையும் டேப்லெட்டிலேயே போட்டுக் கொடுத்தது.

இவற்றில் பலவும் பெரிய ஆயுத நிறுவனங்களிலிருந்து வந்தவை அல்ல. பெரிய திட்டங்களின் கதை வேறு: எல்லா அலைவரிசையிலும் பேசும் ஒரே வயர்லெஸ் குடும்பத்தை உருவாக்க அமெரிக்கா 1997-ல் தொடங்கிய ஜேடிஆர்எஸ் திட்டம் பல நூறு கோடி டாலரை விழுங்கியது. அதில் வாகனங்களுக்கான வயர்லெஸ் 2011-ல் கைவிடப்பட்டது. முழுமையான கருவிக்காகக் காத்திருக்காமல், கைக்குக் கிடைத்த டேப்லெட்டில் தொடங்கி, பயன்படுத்தும் வீரர் சொல்லச் சொல்லத் திருத்தியதுதான் உக்ரைன்காரர்களின் பெரிய வெற்றி. அரசின் ஒப்புதல் பின்னால் வந்தது: டெல்டாவைப் பயன்பாட்டுக்கு ஏற்கும் அரசாணை 2023 பிப்ரவரியில்தான் வெளியானது. ஏவுகணை எட்டாத இடத்தில் தரவு இருக்க வேண்டும் என்பதால், அதன் கிளவுட் பகுதிகளை நாட்டுக்கு வெளியே வைக்கவும் அந்த ஆணை இடம் கொடுத்தது.

ஆனால் பேசுவதைவிட, பேசியும் அகப்படாமல் இருப்பதுதான் கடினம். வயர்லெஸ் பொத்தானை அழுத்தியதும் அலை எல்லாப் பக்கமும் பரவுகிறது. வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் அது வரும் திசையைக் கணித்து ஆளுக்கொரு கோடு போட்டால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பேசியவர் இருப்பார். பேச்சைச் சங்கேதமாக்கினால் பொருள்தான் மறையும், இடம் மறையாது. மொபைல் போனுக்கும் இதே கதைதான்.

2023 புத்தாண்டு பிறந்த நிமிடத்தில் மகீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரைன் ராக்கெட்டுகள் தாக்கின. ரஷ்யா ஒப்புக்கொண்ட கணக்குப்படியே 89 பேர் இறந்தார்கள். அவர்களில் புதிதாகத் திரட்டப்பட்டவர்கள் நிறையப் பேர். தடையை மீறி வீரர்கள் மொபைலில் பேசியதே முக்கியக் காரணம் என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்தது யார் என்று ரஷ்யப் போர்ச் செய்தியாளர்களே கொதித்துக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. படை தரும் வயர்லெஸ் சரியாக இருந்தால் யாரும் மொபைலைத் தேடிப் போவதில்லை. போரின் தொடக்க மாதங்களில் ரஷ்யத் துருப்புகள் கடையில் விற்கும் மலிவான சீன வாக்கி டாக்கிகளில் வெளிப்படையாகப் பேசியதை, அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள்கூட உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ரஷ்ய ராணுவத் தகவல் தொடர்புத் துறையின் தலைவராக இருந்த கலில் அர்ஸ்லானோவ், ஒப்பந்த மோசடி வழக்கில் 2025-ல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வாங்கும் இடத்தில் நடக்கும் களவுக்குப் பதுங்குகுழியில் இருப்பவன் உயிரால் விலை கொடுக்கிறான்.

அலை காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தால்தான் முன்னணி அகழிகளில் ஒரு பழைய பெட்டி திரும்பி வந்திருக்கிறது. சோவியத் காலத்து டி.ஏ.-57 களத் தொலைபேசி. பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். இரண்டு கம்பிகள், ஒரு பேட்டரி, அவ்வளவுதான் தேவை. காற்றில் அலை எதையும் விடாததால் ஜாமர் அதைத் தடுக்க முடியாது, திசையைக் கணிக்கும் கருவிக்கும் அது அகப்படாது. குண்டு விழுந்து கம்பி அறுந்தால் ஒருவர் தவழ்ந்து போய் முடிச்சுப் போட வேண்டும். அந்த ஆபத்து மட்டும் மாறவில்லை. ட்ரோன்களில் சிலவும் இப்போது கம்பி வழிக்குத் திரும்பிவிட்டன. 2024 முதல் இரு தரப்பிலும் பெருகிய ஒரு வகை, நூல் போன்ற கண்ணாடி இழையைப் பத்து கிலோமீட்டருக்கு மேலும் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கிறது. அறுந்த இழைகள் சூரியகாந்தி வயல்களிலும் மரக்கிளைகளிலும் சிலந்தி வலையாய்ப் படிந்து கிடக்கின்றன.

வானத்தை நோக்கிய ஸ்டார்லிங்க் ஆன்டெனாவின் கற்றை குறுகலானது. தரையிலிருந்து கண்டுபிடிப்பது சிரமம். ஆனால் மேலே பறக்கும் எதிரி ட்ரோனுக்கு அந்த வெள்ளைத் தட்டு பளிச்சென்று தெரியும். அதனால் குழி தோண்டி உள்ளே வைத்து, மேலே வலை போர்த்தி மூடுகிறார்கள்.

எதிரிக்குத் தப்பினாலும், இணைப்பின் சொந்தக்காரர் ஒரு தனியார் நிறுவனம் என்பது மாறாது. 2025 ஜூலை 24 இரவு ஸ்டார்லிங்க் உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் படுத்தது. உள் மென்பொருள் கோளாறு என்றது நிறுவனம். உக்ரைன் ட்ரோன் படைத் தளபதி ராபர்ட் ப்ரோவ்டி, முனை முழுவதும் இணைப்பு போனதாகவும், நேரடி வீடியோ இல்லாமலே வேலைகளைத் தொடர வேண்டியிருந்ததாகவும், மாற்று வழிகள் அவசியம் என்றும் எழுதினார். உக்ரைனில் இயங்கும் ஆன்டெனாக்களில் கணிசமானவற்றுக்குப் போலந்து 2025-ல் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் கட்டணம் செலுத்தி வந்தது. இத்தகைய சார்பைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் தனக்கென 290 செயற்கைக்கோள்களுடன் 'ஐரிஸ்²' என்ற வலையமைப்பை அமைக்க 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. அது முழுமையாக இயங்கப் பல ஆண்டுகள் ஆகும்.