பிள்ளையின் நடனப் போட்டிக்குக் கிளம்புகிறீர்களா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பள்ளி ஆண்டுவிழா மேடை வேறு, போட்டி மேடை வேறு. ஆண்டுவிழாவில் யார் ஆடினாலும் கைதட்டல் நிச்சயம். மாவட்ட, மாநில அளவிலான போட்டி அப்படியல்ல. விடியற்காலையில் எழுந்து, தலை பின்னி, மேக்கப் போட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, சில நிமிடங்கள் ஆடிவிட்டு, சாயங்காலம் வாசிக்கிற பட்டியலில் பெயர் இல்லாமல் வீடு திரும்ப வேண்டியும் வரலாம். ஆடப் போவது பிள்ளைதான். ஆனால், அந்த நாள் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் கூடப் போகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

முன்பு சபாக்களும் நகரத்துத் தனியார் பள்ளிகளுமே நடத்திய போட்டிகள் இன்று கிராமத்துப் பிள்ளைகளுக்கும் எட்டியிருக்கின்றன. தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிறது. ‘கலையரசன்’, ‘கலையரசி’ பட்டங்களும் உண்டு. தேசிய அளவில், மத்திய கல்வி அமைச்சகத்தின் கலா உத்சவ் 2015 முதல் நடக்கிறது. இதனால், வீட்டில் இதுவரை யாருமே மேடை ஏறியிராத குடும்பங்களும் இப்போது முதல்முறையாகப் போட்டி அரங்கத்துக்குப் போகின்றன. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

விதிமுறையை நீங்களும் படியுங்கள்

‘எல்லாம் டீச்சர் பார்த்துக்குவாங்க’ என்று விட்டுவிடாதீர்கள். வயது அல்லது வகுப்புப் பிரிவு, எத்தனை நிமிடம் ஆடலாம், பாட்டு எதில் கொண்டு வர வேண்டும், சினிமா பாட்டுக்கு அனுமதி உண்டா, குழு நடனத்தில் எத்தனை பேர், என்னென்ன சான்றுகள் வேண்டும் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தாண்டினால் மதிப்பெண் குறைக்கும் போட்டிகள் உண்டு. அதனால், பாட்டை வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பாட்டை இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை ஆசிரியரிடமும் ஒன்றை உங்கள் பையிலும் வையுங்கள். செல்போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பென் டிரைவில் அந்த ஒரு பாட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அவசரத்தில் சவுண்ட் சிஸ்டம் இயக்குபவர் வேறு பாட்டைப் போட்டுவிட்டால் பிள்ளையின் முகம் அங்கேயே வாடிவிடும். ‘பாட்டு பாதியில் நின்றால் என்ன செய்ய வேண்டும்?’ என்பதையும் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஊக்கு இரண்டு அட்டை, ஹேர்பின், கறுப்பு நூல் கோத்த ஊசி, சிறு கத்தரிக்கோல், கூடுதலாக ஒரு சவுரி, பொட்டு, கண்மை, ஆல்தா, பழைய துண்டு, மேக்கப் கலைக்கத் தேங்காய் எண்ணெய், ஆடி முடித்ததும் மாற்றப் பருத்தி உடை. நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ராக்கொடி எல்லாவற்றையும் ஒருமுறையாவது போட்டு, முழு ஆட்டத்தையும் வீட்டிலேயே ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். எது அவிழும், எது குத்தும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

சலங்கையை முதல்நாள் இரவே சோதியுங்கள். தளர்ந்த மணி மேடையில் கழன்று விழுந்தால், அதை மிதிப்பது அடுத்து ஆடவரும் பிள்ளையாக இருக்கலாம்.

புது மேக்கப் பொருளைப் போட்டி அன்று முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டு நாள் முன்பு முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது வேண்டாம்.

தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள்

யாரும் வெளியில் பேசாத விஷயம் இது. தைத்த பரதநாட்டிய உடையைப் போட்டுக்கொண்டு கழிப்பறை போவது பெரும்பாடு. போட்டி நடக்கும் இடத்தில் கழிப்பறை சுத்தமாக இல்லை என்றால் இன்னும் கஷ்டம். அதனால் பல பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மேக்கப், வெயில், மேடை விளக்குச் சூடு எல்லாம் சேர்ந்து தலைசுற்றலில் முடிகிறது. சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் தொற்றுக்கு வழி.

இதற்குச் சுலபமான வழிகள் இருக்கின்றன. முகமும் தலையும் மட்டும் முதலில் முடித்துவிட்டு, உடையைக் கடைசியில் போடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டிருந்தால் மேக்கப் கலையாமல் கழற்றலாம். உடை போடுவதற்கு முன் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். ஸ்ட்ரா வைத்துச் சிறிது சிறிதாகத் தண்ணீரோ மோரோ கொடுங்கள். வரிசை எண் தள்ளிப்போனால், ‘உடை கசங்கினால் கசங்கட்டும்’ என்று கழற்றிவிட்டு அழைத்துப் போகத் தயங்காதீர்கள்.

மாதவிடாய் நாளாக இருந்தால் பிள்ளை உங்களிடம் தயங்காமல் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். நாப்கினும் அடர்நிற உள்ளாடையும் எப்போதும் பையில் இருக்கட்டும். ஆடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். ஆடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி போல எளிதில் செரிப்பது. இடையில் வாழைப்பழம், கடலை உருண்டை. பரோட்டாவும் குளிர்பானமும் ஆடி முடித்த பிறகு.

முழங்காலைக் கவனியுங்கள்

அரைமண்டியில் உட்கார்ந்து சிமென்ட் தரையில் தட்டி ஆடும்போது, அந்த அதிர்ச்சி முழுவதையும் குதிகாலும் முழங்காலும்தான் தாங்குகின்றன. வேகமாக உயரம் கூடும் வயதில் இது இன்னும் அதிகம் உறுத்தும். ஆடியபின் வரும் சோர்வு ஓர் இரவில் போய்விடும். ஒரே இடத்தில், நாளுக்கு நாள் கூடுகிற வலி அப்படியல்ல, அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி மாத்திரை கொடுத்தோ ஸ்பிரே அடித்தோ மேடை ஏற்றுவது, எச்சரிக்கை மணியைத் துணியால் மூடுவது போலத்தான்.

காத்திருந்து விறைத்த உடம்போடு நேராக மேடை ஏறவும் கூடாது. ஆடுவதற்கு முன்பு பத்து நிமிடமாவது நடந்து, கணுக்காலைச் சுழற்றி, மெதுவாக இரண்டு அடவு போட்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும்.

உடை மாற்றும் அறை

பெரிய போட்டிகளில் பெரும்பாலும் வகுப்பறைதான் உடை மாற்றும் அறை. கதவு, ஜன்னலுக்கு மறைப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. உள்ளே யாரும் செல்போனில் படம் எடுக்க வேண்டாம், நீங்களும்தான். உங்கள் பிள்ளைக்குப் பின்னால் இன்னொருவர் பிள்ளை உடை மாற்றிக்கொண்டிருக்கலாம். மேக்கப் போடுகிறவர் வெளியாள் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்கு எந்த வகையில் தொந்தரவு நேர்ந்தாலும் 1098 என்ற உதவி எண் இருக்கிறது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

தாளம் பிசகாமை, உடல் நிலைகளின் சுத்தம், முகபாவம், உடை ஒப்பனை, மேடையை நிறைக்கும் விதம் என்று மதிப்பெண் பிரிந்திருக்கும். விலை உயர்ந்த நகைக்கு இதில் பெரிய இடம் இல்லை. வாடகை உடை உடம்புக்குப் பொருந்தினாலே போதும்.

முடிவில் சந்தேகம் இருந்தால் விதியில் சொன்னபடி ஆசிரியர் மூலம் கேளுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நடுவரோடு வாக்குவாதம் வேண்டாம். தன்னால்தான் அம்மா, அப்பா சண்டை போட்டார்கள் என்பதே அதன் மனதில் தங்கும்.

கேரளம் கற்ற பாடம்

1957-ல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவம், இந்தியாவின் மிகப் பெரிய பள்ளிக் கலைப் போட்டிகளில் ஒன்று. அதிகப் புள்ளி பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. ‘கலாதிலகம்’, ‘கலாபிரதிபா’ என்ற தனிநபர் பட்டங்களும் ஒரு காலத்தில் இருந்தன. மஞ்சு வாரியரும் வினீத்தும் அந்தப் பட்டங்களை வென்றவர்கள்தான். ஆனால், அந்தப் பெருமைக்காகப் பெற்றோரிடையே மூண்ட போட்டியும், செலவும், மேல்முறையீடுகளும் எல்லை மீறின. 2006 வாக்கில் அந்தப் பட்டங்களே கைவிடப்பட்டன. இப்போது கிரேடு முறைதான். கலைக்காகத் தொடங்கிய மேடை பெற்றோரின் மேடையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

டி.வி நிகழ்ச்சியில் கூப்பிட்டால்?

குழந்தைக் கலைஞர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் அவர்களைப் பயன்படுத்தக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. படிப்பு கெடக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். வயதுக்கு மீறிய அசைவுகளைக் குழந்தைகளை ஆடவைப்பது குறித்து 2019-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தனியார் சேனல்களை எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை பாட்டுத் தேர்வில் நமக்கும் பொருந்தும்.

‘சாதனை’, ‘உலக அளவு’ என்று பெயர் வைத்து, பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஷீல்டு கொடுக்கும் போட்டிகளும் இருக்கின்றன. நடுவர் யார், மதிப்பெண் தாளைக் காட்டுவார்களா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்றால், பணத்தைச் சேமியுங்கள்.

முடிவு வந்த பிறகு

பரிசு கிடைக்காத பிள்ளையிடம் வழியிலேயே தவறுகளை அலச வேண்டாம். ‘அந்தப் பொண்ணு எப்படி ஆடினா பார்த்தியா?’ என்பதும் வேண்டாம். முதலில் மேக்கப்பைக் கலைத்து, வயிறாரச் சாப்பிட வையுங்கள். இரண்டு நாள் கழித்து, அதுவாகவே பேசும்போது, ‘உனக்கு எந்த இடம் பிடிச்சிருந்துச்சு?’ என்று கேளுங்கள். ஆடும் பையனாக இருந்தால், ‘பொம்பளப் பிள்ளை மாதிரி’ என்று உறவினர் யாராவது கேலி செய்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பரிசு வந்தாலும் மறுநாள் வகுப்புக்குப் போக வேண்டும், குருவுக்கு நன்றி சொல்ல வேண்டும், தோற்ற தோழியிடம் பேச வேண்டும். அடுத்த வாரமும் பிள்ளை தானாகச் சலங்கையை எடுத்துக் கட்டினால், அந்தப் போட்டியில் நீங்கள் எல்லோருமே ஜெயித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.