நாரந்தனைக் கடையின் கணக்கு எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள நாரந்தனையில் ஒரு பலசரக்குக் கடையின் முதலீட்டில் பாதி இறாக்கையில் இருக்கும். மற்றப் பாதி கடன் கொப்பியில். மீன்பாடு குறைந்த மாதம் கடனுக்குக் கொடுத்து, பாடு வந்ததும் வாங்கிக்கொள்கிற ஊரில் அந்தக் கொப்பி தொலைந்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

தீவுப்பகுதி இதைப் பட்டறிந்தது. இங்கிருந்து போய்த் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்தவர்கள் பலர். 1983 யூலையில் தமிழர் கடைகள் எரிந்தபோது கணக்குகளும் சேர்ந்தே எரிந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் போனவை போனவைதான். ஈழத்து நூல்களை மின்படியாக்கி இணையத்தில் வைக்கும் ‘நூலகம்’ திட்டம் 2005இல் தொடங்கியதை நான் பெரிய காரியமாக மதிப்பது இதனால்தான். ஒரே படி, ஒரே இடம் என்ற நிலையை அது உடைத்தது. சிறுகடைக்காரருக்கு அதே காவலைத் தருவது முகில் கணிமை, அதாவது கிளவுட்.

பெயர் முகில் என்றாலும் வானத்தில் எதுவும் இல்லை. சிங்கப்பூரிலும் மும்பையிலும் சென்னையிலும் பெரிய கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றில் சிறு பங்கை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். 2006இல் அமேசான் இந்த வாடகை முறையைப் பெரிய அளவில் தொடக்கிவைத்தது. பாவித்த அளவுக்கே பணம் என்பதால், முன்பு பெரிய கம்பனிகளுக்கே கட்டுப்படியான வசதி கிராமத்துக்கும் வந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனம், உலகெங்கும் உள்ள சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருளை இப்படித்தான் கொடுக்கிறது.

கடைக்காரர் கைத்தொலைபேசியில் ‘சீனி 2 கிலோ’ என்று பதிந்ததும் நடப்பதைப் பாருங்கள். அந்த வரி மறையெழுத்தாக மாறி, சிறு பொதிகளாகப் பிரிந்து, கோபுரம் வழியாகவும் கடலடிக் கண்ணாடி இழை வழியாகவும் ஓடுகிறது. இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் சிங்கப்பூர் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். நொடியில் எழுபதில் ஒரு பங்கு போதும். வடம் சுற்றிப் போவதால் கூடுதலாக எடுத்தாலும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் அந்த வரி ஓரிடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, அமேசானின் வழக்கமான எஸ்3 சேமிப்பு, தனித்தனி மின்சாரத்தோடு விலகி நிற்கும் குறைந்தது மூன்று தரவு நிலையத் தொகுதிகளில் அதைப் பரப்பி வைக்கிறது. ஒன்று முழுதாக எரிந்தாலும் மற்றவற்றிலிருந்து கணக்கு திரும்ப வரும். ஒரு கோடி கோப்பு வைத்தால் 10,000 ஆண்டில் ஒன்று தொலையலாம் என்ற அளவுக்கு அதை வடிவமைத்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது.

இடமும் கொஞ்சம்தான் வேண்டும். கணினியில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். ஒரு வரிக்கு 200 பைட், நாளுக்கு நூறு வரி என்றால் ஆண்டுக்கு 7 மெகாபைட்டைச் சற்றே தாண்டும். கூகுள் இலவசமாகத் தரும் 15 கிகாபைட்டில் இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கு அடங்கும்!

மின்சாரத்தையும் சிக்னலையும் நம்பலாமா என்று கேட்பீர்கள். 2022இல் நாளுக்குப் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது, நியாயமான கேள்வி. இணைப்பு இல்லாதபோதும் பதியவிட்டு, சிக்னல் வந்ததும் தானாக மேலே அனுப்பும் செயலிகள் இருக்கின்றன. கூகுள் ஷீட்ஸில் அதற்கான அமைப்பு உண்டு. வேறு செயலி வாங்குவதானால் முதலில் இதைக் கேளுங்கள்.

ஆனால் முகிலில் போட்டாயிற்று என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் சொந்த முகில் சேவையையே பணயம் கேட்கும் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய மாற்றுப்படி இல்லை. மென்பொருளும் பழையது. தவறுதலாக நீங்களே ஒரு பக்கத்தை அழித்தாலும், மூன்று நிலையங்களும் அந்த அழிப்பையும் ஒழுங்காகப் படியெடுத்துக்கொள்ளும். தனியாக ஒரு படி வேண்டும் என்பது இதற்குத்தான்.

ஆகவே தீவுகளில் கடை, படகு, கருவாட்டு வியாபாரம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். கொப்பியை நிறுத்த வேண்டாம்; இன்றைய பக்கத்தைப் படம் பிடித்து முகிலில் ஏற்றுவதில் தொடங்குங்கள். கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் போடுங்கள். கைத்தொலைபேசி கடலில் விழுந்தாலும் கணக்கைத் திறக்க, நம்பிக்கையான உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் பதிந்து வையுங்கள். மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் இறக்கி ஒரு பென்டிரைவில் எடுத்து, கடையில் அல்லாமல் வேறொரு வீட்டில் வையுங்கள்.